பெயர் சொல்லாத விளக்கு

நெய்வேலித் தோழர்களே! வெட்டிய நிலக்கரியை டன் கணக்கில் எடை போடுகிறோம். அறிவைத் தோண்டியவரின் உழைப்பை எதைக் கொண்டு எடை போடுவது?

அதற்கும் ஒரு தராசு உண்டு. 'இன்னார் ஆய்வின்மேல் நின்று எழுதுகிறோம்' என்று பிற ஆய்வாளர் தரும் மேற்கோள்களின் எண்ணிக்கையே அது. 1964-இல் அமெரிக்காவில் அதற்கெனப் பேரேடே அச்சேறியது.

சென்னைப் பல்கலைக்கழகத்திலே ஜி. என். இராமச்சந்திரன், கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து, 1954-இல் ஓர் உண்மை கண்டார்: கொலாஜன் எனும் புரதம் மூன்று இழை முறுக்கிய கயிறு! மண்வெட்டி பிடிக்கும் நம் கையின் தசைநாணுக்கு வலுவூட்டுவது அந்தக் கயிறுதான். 1963-இல் இராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோருடன் வரைபடம் ஒன்று தந்தார். புரதச் சங்கிலி எந்தக் கோணத்தில் திரும்பும், எதில் திரும்பாது என்று காட்டும் படம்! இன்றும் உலகெங்கும் புரதத்தின் வடிவம் காண்போர், 'இராமச்சந்திரன் வரைபட'த்தில் வைத்தே சரி பார்க்கின்றனர்.

நோபல் பரிசு வந்ததா? வரவில்லை, 2001-இல் மறைந்தார். பெயரே கருவியாகிவிட்டதால், மூலக் கட்டுரையைக் குறிப்பிடாமலே பயன்படுத்துவோரும் உண்டு. அந்த எடை தராசில் ஏறுவதில்லை!

விளக்கைப் போடுகிறவன் நெய்வேலியின் பெயரையா சொல்கிறான்? சொல்லாததால் வெளிச்சம் குறைந்ததா? இல்லை. ஆனால், உழைத்தவனின் பெயரை உழைப்பவனே மறக்கலாமா? பிள்ளைகளுக்கு அந்தப் பெயரைச் சொல்வோம்!