எலக்ட்ரானின் தற்சுழற்சியும் காந்தத் திருப்புத்திறனும்: ஒரு கருத்து விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

எலக்ட்ரானின் தற்சுழற்சி பம்பரத்தின் சுழற்சியைப் போன்றதன்று. எனினும் அது மெய்யான கோண உந்தமே. முரண்போல் தோன்றும் இவ்விரு கூற்றுகளையும் காந்தத் திருப்புத்திறன் குறித்த ஆய்வுச் சான்றுகளின் துணைகொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: தற்சுழற்சி, கோண உந்தம், காந்தத் திருப்புத்திறன், போர் மேக்னெட்டான், ஜி-காரணி.

முன்னுரை

இளநிலை மாணவர்க்குக் குவாண்டம் எண்களை விளக்கும்போது, 'எலக்ட்ரானில் எது சுழல்கிறது?' என்னும் வினாவை இக்கட்டுரையாளர் பலமுறை எதிர்கொண்டதுண்டு. வினா எளியது, ஆனால் 'தற்சுழற்சி' என்னும் கலைச்சொல்லே அதற்குத் தவறான விடையைத் தன்னுள் வைத்திருக்கிறது. தன் அச்சில் தானே சுழலும் புவியைக் காட்டி இக்கருத்தைத் தொடங்கும் வழக்கம் வகுப்பறைகளில் வேரூன்றியுள்ளது. அவ்வுவமை எந்த இடத்தில் உடைகிறது என்பதைக் காட்டாமல் விடுவதே சிக்கல்.

சுழலும் கோளம் என்னும் உருவகம்

உவமையை எண்களால் சோதிக்கலாம். எலக்ட்ரானை 2.8 ஃபெம்டோமீட்டர் ஆரமுடைய, சீரான திண்மக் கோளமாகக் கொள்வோம். இது செவ்வியல் எலக்ட்ரான் ஆரம் எனப்படும் அளவாகும். ஓர் அச்சின் வழியே எலக்ட்ரானின் தற்சுழற்சிக் கோண உந்தம், குறுக்கப்பட்ட பிளாங்க் மாறிலியில் பாதி. இம்மதிப்பைப் பெற அக்கோளத்தின் நடுவரைப் பகுதி நொடிக்கு ஏறத்தாழ 5.1 × 10¹⁰ மீட்டர் வேகத்தில் சுழல வேண்டும். அது ஒளியின் வேகத்தைப் போல் 170 மடங்குக்கும் மேல். ஆரத்தைப் பெருக்கினால் வேகம் குறையும் என்பது உண்மையே. ஆயினும் ஒளியின் வேகத்திற்குள் அடங்க, ஆரம் 480 ஃபெம்டோமீட்டருக்கு மேல் இருத்தல் வேண்டும். மோதல் ஆய்வுகளோ 10⁻¹⁸ மீட்டர் அளவிலும் எலக்ட்ரானுக்கு உள்ளமைப்பு எதனையும் காணவில்லை.

இந்த மறுப்பு புதியதன்று. 1925 இல் லெய்டனில் ஊலன்பெக்கும் கௌட்ஸ்மிட்டும் தற்சுழற்சிக் கருத்தை முன்வைத்தபோது லோரென்ட்ஸ் எழுப்பிய தடை இத்தகையதே. கட்டுரையைத் திரும்பப் பெற இருவரும் விழைந்தனர். ஆனால் அவர்களின் பேராசிரியர் எரன்ஃபெஸ்ட் அதனை முன்னரே இதழுக்கு அனுப்பிவிட்டிருந்தார். அதே ஆண்டில் இதே எண்ணத்தை அவர்களுக்கு முன்பே எட்டிய கிரோனிக், பவுலியின் கடும் மறுப்பால் அதை வெளியிடாது விட்டார். உருவகம் பிழையானது, கருத்து சரியானது என்பதைப் பிரித்துணர அக்காலத்தில் வழியில்லை.

இரண்டாகப் பிரிந்த கற்றை

1922 இல் பிராங்க்பர்ட்டில் ஸ்டெர்னும் கெர்லாக்கும் வெள்ளி அணுக்களின் கற்றையைச் சீரற்ற காந்தப்புலத்தின் ஊடே செலுத்தினர். கற்றை இரண்டாகப் பிரிந்தது. இங்கு 'இரண்டு' என்னும் எண்ணே முதன்மையானது. சுற்றுப்பாதை இயக்கத்தால் எழும் கோண உந்தம் 1, 3, 5 என ஒற்றைப்படை எண்ணிக்கையிலான நிலைகளையே தரும். மேலும் வெள்ளியின் வெளிக்கூட்டு எலக்ட்ரானுக்குச் சுற்றுப்பாதைக் கோண உந்தம் சுழி. எனவே அப்பிரிவு தற்சுழற்சிக்கே உரியது. ஆய்வாளர் இருவரும் அன்று இதனை அறிந்திலர்; போர்–சோமர்ஃபெல்டு கொள்கைக்குச் சான்று கிடைத்ததாகவே கருதினர். தற்சுழற்சியைக் காட்டும் ஆய்வு என இதனைப் பாடநூல்கள் சொல்வது பின்னோக்கிய வாசிப்பாகும்.

ஜி-காரணி

மின்னூட்டமுடைய பொருள் வட்டமாக இயங்கினால் காந்தத் திருப்புத்திறன் தோன்றும். செவ்வியல் இயற்பியலில் அதற்கும் கோண உந்தத்திற்கும் உள்ள தகவு, மின்னூட்டத்தை நிறையின் இருமடங்கால் வகுக்கக் கிடைப்பது. எலக்ட்ரானின் தற்சுழற்சியில் இத்தகவு ஏறத்தாழ இருமடங்காகிறது. இப்பெருக்கமே ஜி-காரணி. இதனால், கோண உந்தம் பாதியாக இருந்தும், காந்தத் திருப்புத்திறனின் கூறு ஏறக்குறைய ஒரு முழு போர் மேக்னெட்டான், அதாவது டெஸ்லாவுக்கு 9.274 × 10⁻²⁴ ஜூல். மின்னூட்டம் எதிர்க்குறியுடையதாதலால் அதன் திசை தற்சுழற்சிக்கு எதிரானது.

இந்த 2 என்னும் மதிப்பு 1928 இல் டிராக்கின் சமன்பாட்டிலிருந்து தானாகவே வெளிப்பட்டது. சுழலும் கோளம் எதனையும் டிராக் கருதவில்லை. 1947 இல் குஷ்ஷும் ஃபோலியும் மதிப்பு 2 ஐவிடச் சற்றே மிகுதி என அளந்தனர். மறு ஆண்டில் ஷ்விங்கர் அம்மிகையைக் குவாண்டம் மின்னியக்கவியலால் கணக்கிட்டார். 2023 இல் வெளியான அளவீட்டில், மின்காந்தப் புலங்களால் சிறைப்படுத்தப்பட்ட ஒற்றை எலக்ட்ரானின் ஜி-காரணியில் பாதி 1.00115965218059 எனக் கண்டறியப்பட்டது.

கோண உந்தம் மெய்யானதே

அவ்வாறாயின் 'சுழற்சி' என்னும் சொல்லையே கைவிடலாமா? இவ்வினாவிற்கு ஐன்ஸ்டீனும் டி ஹாஸும் 1915 இல் செய்த ஆய்வு விடை தருகிறது. மெல்லிழையில் தொங்கும் இரும்புத் தண்டைச் சுற்றிய கம்பிச்சுருளில் மின்னோட்டத் திசையை மாற்றினால் தண்டு திருகுகிறது. இரும்பின் காந்தத்தன்மை பெரிதும் எலக்ட்ரான் தற்சுழற்சியால் ஆனது. அத்தற்சுழற்சிகள் திசைமாறும்போது, மொத்தக் கோண உந்தம் மாறாதிருக்கத் தண்டே சுழல வேண்டியுள்ளது. (தற்சுழற்சி அறியப்படாத அக்காலத்தில், தாம் எதிர்பார்த்த செவ்வியல் மதிப்பான 1 ஐ ஒட்டிய விடையையே அவர்கள் பெற்றனர், பின்வந்த பிறரின் அளவீடுகளே 2 ஐ நெருங்கின.)

எனவே 'தற்சுழற்சி' என்னும் சொல்லை மாற்ற வேண்டுவதில்லை என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. மாற்ற வேண்டியது அதனை விளக்கும் முறையை. புவியின் படத்திற்கு மாறாக, திருகும் இரும்புத் தண்டிலிருந்தும் இரண்டாகப் பிரிந்த வெள்ளிக் கற்றையிலிருந்தும் பாடத்தைத் தொடங்கினால், 'எது சுழல்கிறது?' என்று கேட்கும் மாணவரிடம், எலக்ட்ரானுக்குள் சுழலும் பகுதி என்று ஒன்றில்லை, ஆனால் அதன் கோண உந்தம் ஒரு தண்டையே சுழற்றவல்லது எனக் கூற இயலும்.