கணனி: பொருத்திக் கொள்வதா, வாங்குவதா?

மகள் உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் படிக்கிறாள். கணனி ஒன்று வேண்டுமென்று கேட்கிறாள். கையில் இருப்பதோ காலபோகத்துக்கு விதைநெல்லும் பசளையும் வாங்க வைத்த காசு. சொந்தக் காணியை விட்டு வந்து, வாடகை வீட்டிலும் உறவினர் வளவிலும் இருக்கும் குடும்பங்களுக்கு இது சிறிய பிரச்சினை அல்ல. கடைக்குப் போனால், "பாகங்களை வாங்கிப் பொருத்தினால் மலிவு" என்பார் ஒருவர். "பாவித்ததை வாங்குங்கள்" என்பார் மற்றவர். எதைக் கேட்பது?

முதலில் வேலை என்னவென்று பாருங்கள். பாடக்குறிப்புகளை வாசிக்க மட்டுமென்றால் வீட்டிலுள்ள கைத்தொலைபேசியே போதும். தட்டச்சு, கணக்கு, செய்நிரல் எழுதுதல் என்றால்தான் கணனி தேவை. இந்த வேலைகளுக்குப் பெரிய இயந்திரம் வேண்டியதில்லை. 8 ஜிகாபைற் நினைவகமும், தரவுகளைச் சேமிக்க 256 ஜிகாபைற் எஸ்.எஸ்.டி.யும் போதுமானவை. பழைய சுழலும் வன்தட்டைவிட எஸ்.எஸ்.டி. பலமடங்கு வேகமானது, அசைவையும் தாங்கும். அடிக்கடி வீடு மாறுபவர்களுக்கு இது முக்கியம்.

பொருத்துவதென்றால்

செயலி, தாய்ப்பலகை, நினைவகம், எஸ்.எஸ்.டி., மின்வழங்கி, பெட்டி என்பவற்றைத் தனித்தனியே வாங்கவேண்டும். திரையும் விசைப்பலகையும் வேறு. நன்மை என்னவென்றால், பழுதான பாகத்தை மட்டும் மாற்றலாம். புதிய பாகங்களுக்கு உத்தரவாதமும் உண்டு.

ஆனால் ஒரு பாகம் பிழைத்தாலும் காசு முடங்கிவிடும். டி.டி.ஆர்.4 நினைவகம் டி.டி.ஆர்.5 தாய்ப்பலகையில் பொருந்தாது. இன்ரெல் செயலியின் இலக்கத்தின் முடிவில் 'எஃப்' என்ற எழுத்து இருந்தால், தனியான படஅட்டை இல்லாமல் திரையில் எதுவும் தெரியாது. தரங்குறைந்த மின்வழங்கி பழுதாகும்போது மற்றப் பாகங்களையும் எரித்துவிடக்கூடும். 2025 இன் பிற்பகுதியில் நினைவகத்தின் விலை உலகெங்கும் வேகமாக ஏறியதையும் கணக்கில் எடுங்கள். அதோடு வின்டோஸ் உரிமத்துக்கும் தனியே பணம் கட்டவேண்டும்.

பாவித்ததை வாங்குவதென்றால்

டெல், எச்.பி., லெனோவோ போன்ற நிறுவனங்கள் அலுவலகங்களுக்கென்று செய்த கணனிகள், சில ஆண்டுகள் பாவிக்கப்பட்டபின் விற்பனைக்கு வருகின்றன. உறுதியாகச் செய்யப்பட்டவை. பெரும்பாலானவற்றில் வின்டோஸ் உரிமமும் சேர்ந்தே வரும். குறை ஒன்றுண்டு: சிலவற்றின் மின்வழங்கியும் தாய்ப்பலகையும் அந்த நிறுவனத்தின் தனி அளவில் இருக்கும். பழுதானால் எல்லாக் கடைகளிலும் கிடைக்காது.

செயலியின் இலக்கத்தைக் கட்டாயம் பாருங்கள். 'ஐ5-6500' என்றால் ஆறாம் தலைமுறை. 'ஐ5-8500' என்றால் எட்டாம் தலைமுறை. வின்டோஸ் 10 க்கான வழக்கமான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டது. வின்டோஸ் 11 க்கு இன்ரெல் செயலியென்றால் பொதுவாக எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ வேண்டும். பழையதை மிக மலிவாகத் தந்தால், இலவசமான லினக்ஸை அதில் பாவிக்கலாம். பாடத்துக்கு அது போதுமா என்று ஆசிரியரிடம் முன்கூட்டியே கேளுங்கள்.

பாவித்த நீர்ப்பம்பியை இயக்கிப் பார்க்காமல் நாம் வாங்குவதில்லை. கணனியும் அப்படித்தான். கடையிலேயே அரை மணித்தியாலம் ஓடவிடுங்கள். விசிறியின் சத்தம், சூடு, செருகு துளைகள் எல்லாவற்றையும் கவனியுங்கள். தொடரிலக்கமும் உத்தரவாதக் காலமும் எழுதிய பற்றுச்சீட்டு இல்லாமல் காசு கொடுக்காதீர்கள்.

மின்சாரச் செலவு

இத்தகைய கணனி, திரையோடு சேர்ந்து சாதாரண வேலைக்கு 100 வாற்றுக்குள் எடுக்கும். நாளுக்கு நான்கு மணித்தியாலம் என்றால் மாதம் 12 அலகுக்கு மேற்படாது. மின்சாரம் திடீரென நின்றால், ஒழுங்காக நிறுத்துவதற்கு யூ.பி.எஸ். சில நிமிடம் தரும். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் இடிமின்னல் கூடுதலாதலால், அந்நேரம் செருகியைக் கழற்றிவிடுங்கள்.

எங்கள் முடிவு

திரையும் பெட்டியும் ஏற்கெனவே கையில் இருந்து, பாகங்களை அறிந்த நம்பிக்கையானவர் அருகிலும் இருந்தால் பொருத்துங்கள். இல்லையேல், எட்டாம் தலைமுறைக்குக் குறையாத, பாவித்த அலுவலகக் கணனியே குறைந்த காசுக்கு ஏற்றது. விதைநெல்லுக்கு வைத்த காசில் கைவைக்கவேண்டாம். தோட்டை அடகு வைக்கவும் வேண்டாம். அயலில் மூன்று நான்கு குடும்பங்கள் சேர்ந்து ஒன்றை வாங்கி, நேரம் பிரித்துப் பாவிக்கலாம்.

கணனி வந்ததும் முதல் வேலையாக, பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி, அனுமதிப்பத்திரம் ஆகியவற்றைப் படமெடுத்து அதில் சேமியுங்கள். பென்ரைவ் ஒன்றில் பிரதியெடுத்து, வேறு ஊரிலுள்ள உறவினரிடம் கொடுத்து வையுங்கள். அவசரமாக வெளிக்கிடும்போது கணனியைத் தூக்க முடியாமற் போகலாம். பத்திரங்களின் பிரதியாவது மிஞ்சும்.