நவம்பர்ல முழிச்சிருக்குமா உங்க கேமரா?

லீவுக்கு ஊருக்குப் போனா ஒரு வேலை உங்களுக்காகக் கட்டாயம் காத்திருக்கும். நீங்க மெக்கானிக்கலா, சிவிலா, பயோடெக்கா... அதெல்லாம் யாருக்கும் கவலை இல்லை. ‘‘ஏப்பா, நீ இன்ஜினீயரிங்தானே படிக்கிறே? இதைக் கொஞ்சம் மாட்டிக் குடு’’னு பெரியப்பா ஒரு டப்பாவை நீட்டுவார். ஒரு காலத்துல அது மிக்ஸி. அப்புறம் செட்டாப் பாக்ஸ். இப்போ லேட்டஸ்ட், சோலார் கேமரா!

விளையாட்டா எடுத்துக்காதீங்க பாஸ். தோட்டத்து மோட்டார் ரூம்ல இருக்குற காப்பர் ஒயர், பழைய இரும்புக் கடையில நல்ல விலைக்குப் போற சமாச்சாரம். ராத்திரியோட ராத்திரியா நறுக்கிட்டுப் போயிட்டா, ஒயர் காசு மட்டும் நஷ்டம் இல்லை. புது ஒயர் வாங்கி, ஆள் பிடிச்சு மாட்டுறவரைக்கும் தண்ணி பாயாது. வாழை, கரும்பு, கத்திரி எதுவும் அதுவரைக்கும் காத்துக்கிட்டு இருக்காது. அப்பாவோ பெரியப்பாவோ சில ஆயிரம் கொடுத்து கேமரா வாங்குறது ஆசைக்கு இல்லை, பயத்துக்கு.

‘மோட்டார் ரூம்லதான் கரன்ட் இருக்கே, எதுக்கு சோலார்?’னு கேட்கலாம். திருட வர்றவன் முதல்ல கை வைக்கிறது மெயின் ஸ்விட்ச்லதான். ஃபியூஸைப் பிடுங்கினா கேமராவும் சேர்ந்து படுத்துடும். அதனால தனக்குத் தானே கரன்ட் தயாரிச்சுக்கிற கேமராங்கிற ஐடியா சூப்பர். ஆனா, ஒரு சின்னச் சிக்கல்... நாம அதை மாட்டுறது மே மாச லீவுல. அது வேலை செய்ய வேண்டியது நவம்பர் மழையில!

ட்ரிபிள் ஈ மூணாவது வருஷம் படிக்கிற தைரியத்துல சொல்றேன், இதுக்குப் பெரிய சர்க்யூட் அறிவு எல்லாம் தேவையில்லை. பெருக்கல், வகுத்தல் தெரிஞ்சா போதும். கடைக்காரர் சொல்ற ‘லைஃப்லாங் ஃப்ரீ கரன்ட் தம்பி’ டயலாக்கை அதை வெச்சே மடக்கிடலாம்.

தூங்குற ரகமா, தூங்காத ரகமா?

டப்பாவைத் திறக்குறதுக்கு முன்னாடி கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான். சோலார் கேமரான்னு விக்கிறதுல ரெண்டு ரகம் உண்டு. ஒண்ணு, 24 மணி நேரமும் ரெக்கார்டு பண்ற கேமராவுக்குப் பக்கத்துல ஒரு பேனலையும் பேட்டரியையும் கட்டி விடுறது. இன்னொண்ணு, எப்பவும் தூங்கிட்டு இருந்து, எதிர்ல ஆள் நடமாடினா மட்டும் கண்ணை முழிச்சு ரெக்கார்டு பண்றது. ரெண்டுக்கும் பேர் ஒண்ணுதான். ஆனா, பசி யானைக்கும் பூனைக்கும் உள்ள வித்தியாசம்!

தூங்காத ரகத்தை முதல்ல பார்ப்போம். சுமாரா 4 வாட்னு வெச்சுக்குங்க. ஒரு நாளைக்கு 4 x 24 = 96 வாட்-அவர். இதுக்கு 20 வாட் பேனல், 12 வோல்ட் 7 ஆம்பியர்-அவர் பேட்டரி (யு.பி.எஸ்ல இருக்குமே, அந்தக் கறுப்புப் பெட்டி) மாட்டினா போதும்னு சொல்றாங்கன்னு வைங்க. நம்ம ஊர்ல நல்ல வெயில் நாள்ல, முழு உச்சி வெயிலுக்குச் சமமா கிடைக்கிறது ஏறக்குறைய 5 மணி நேரம்தான். காலையில 6 மணிக்கே சூரியன் வந்தாலும் கணக்கு அவ்வளவுதான். அதுலயும் சூடு, தூசி, ஒயர், சார்ஜிங்னு ஆளாளுக்குக் கமிஷன் எடுத்தது போக 65 சதவீதம் கையில நின்னா அதிர்ஷ்டம். 20 x 5 x 0.65 = 65 வாட்-அவர். செலவு 96, வரவு 65. மே மாசத்துலயே துண்டு விழுது!

அந்தக் கறுப்புப் பெட்டி கதை இன்னும் மோசம். 12 x 7 = 84 வாட்-அவர்னு பேரு. ஆனா, லெட் ஆசிட் பேட்டரியைப் பாதிக்கு மேல தினமும் காலி பண்ணினா சீக்கிரமே செத்துடும். அப்போ நிஜமா கிடைக்கிறது 42. சாயங்காலம் 6 மணிக்கு ஃபுல் சார்ஜோட டூட்டிக்கு வந்தாலும், 4 வாட் கணக்குல பத்தரை மணி நேரம்தான் வண்டி ஓடும். அதாவது விடியற்காலை நாலரைக்கு அவுட். ஊரே அசந்து தூங்குற, ஒயர் வெட்டத் தோதான நேரம்!

24 மணி நேரமும் ஓடித்தான் ஆகணும்னா, மேகமூட்டமான நாள்ல ரெண்டரை மணி நேர வெயில்தான் கிடைக்கும்னு வெச்சுக் கணக்குப் போடுங்க. 60 வாட் பேனல் வேணும். ரெண்டு நாள் வெயிலே இல்லாம தாக்குப்பிடிக்க 250 வாட்-அவர் அளவுக்கு லித்தியம் பேட்டரி வேணும். பேட்டரி விலையைக் கேட்டா பெரியப்பா மயக்கம் போட்டுடுவார். ஸோ, தோட்டத்துக்குத் தூங்குற ரகம்தான் பெட்டர்ங்கிறது என் கட்சி.

ஒரு எச்சரிக்கை. ‘இதுல 7,000 மில்லி ஆம்பியர்-அவர்தான், அதுல 10,000 இருக்கு’னு ஒப்பிட்டு ஏமாறாதீங்க. கேமராவுக்குள்ள இருக்குற செல் 3.7 வோல்ட். 10,000 இருந்தாலும் 37 வாட்-அவர்தான். 12 வோல்ட்ல 7,000னா 84. வோல்ட்டால பெருக்காம பேட்டரி விலை பேசவே கூடாது.

கெடுக்குறது பேனல் இல்லை, பெரியப்பா!

தூங்குற ரகத்துக்கு வருவோம். உள்ளே 3.7 வோல்ட், 5,200 மில்லி ஆம்பியர்-அவர் பேட்டரின்னா 19 வாட்-அவர். தூங்கும்போது 5 மில்லி ஆம்பியர் குடிக்குதுன்னு வெச்சா, ஒரு நாளைக்கு அரை வாட்-அவர்கூட வராது. முழிச்சு, இருட்டுல இன்ஃப்ரா ரெட் விளக்கையும் போட்டுக்கிட்டு ரெக்கார்டு பண்ணும்போது 2 வாட்னு வைங்க.

ஒரு நாளைக்கு 30 தடவை, தடவைக்கு 20 செகண்ட் முழிச்சா மொத்தச் செலவு முக்கால் வாட்-அவர் சொச்சம். அதாவது ஒரு சொட்டு வெயில் இல்லாம மூணு வாரத்துக்கு மேல தாங்கும்! அதே கேமராவை ரோட்டைப் பார்த்துத் திருப்பி வெச்சு, போற வர்ற பஸ், டூவீலர், ஆடு, மாடுன்னு 600 தடவை முழிக்க வெச்சா? 7 வாட்-அவர். மூணு நாள்கூடத் தாங்காது. பேனல் அதே, பேட்டரி அதே... திருப்பி வெச்ச கோணம் மட்டும்தான் வேற.

அதைவிடப் பெரிய வில்லன் லைவ் வியூ. புதுசா மாட்டின ஜோர்ல பெரியப்பா திண்ணையில உட்கார்ந்து தினமும் ரெண்டு மணி நேரம் தோட்டத்தை லைவா ரசிப்பார். சீரியல் மாதிரி! அது மட்டுமே 4 வாட்-அவர். 4ஜி சிம் போடுற மாடலா இருந்து, தோட்டத்துல டவரும் ஒரு கோடுதான்னா செலவு இன்னும் ஏறும். சிக்னல் மோசமா இருந்தா மோடம் தொண்டை கிழியக் கத்திப் பேச வேண்டியிருக்கும், அதுக்கும் பேட்டரிதான் படி அளக்கணும். அவர்கிட்ட பக்குவமா எடுத்துச் சொல்லுங்க. ‘நோட்டிஃபிகேஷன் வந்தா மட்டும் பாருங்க பெரியப்பா’ன்னு.

இந்தத் தூக்க டெக்னிக் புதுசு இல்லை. 2018 புலிகள் கணக்கெடுப்புல நம்ம நாட்டுக் காடுகள்ல 26,838 இடங்கள்ல தானியங்கி கேமரா வெச்சாங்க. கின்னஸ்லயே இடம்பிடிச்ச கணக்கு அது! அந்த மாதிரி கேமராக்கள் பெரும்பாலும் நாம ரிமோட்டுக்குப் போடுற பென்சில் செல்லுலயே வாரக்கணக்குல ஓடும். காரணம் சிம்பிள். மிருகம் வந்தா மட்டும் முழிக்கும், படத்தைக் கார்டுல போட்டுட்டுத் திரும்பத் தூங்கிடும். யாருக்கும் லைவ் காட்டாது.

முழிக்க வைக்கிற சென்சாருக்கு ஒரு பலவீனம் உண்டு. அது பார்க்குறது உருவத்தை இல்லை, சூட்டு வித்தியாசம் நகர்றதை. மே மாச மத்தியானம் தரையும் சுவரும் நம்ம உடம்புச் சூட்டை எட்டிப் பிடிச்சிட்டா, ஆள் நடந்தாலும் சரியாத் தெரியாது. ஆனா, வெயில்ல காய்ஞ்ச வாழை இலை ஆடினா முழிச்சுக்கும்! கேமரா முன்னாடி இலை, கொடி இல்லாமப் பார்த்துக்குங்க. நேரா கேமராவை நோக்கி வர்றவரைவிட, குறுக்கே போறவரைத்தான் சென்சார் நல்லாப் பிடிக்கும். அதனால பாதைக்குப் பக்கவாட்டுல மாட்டுங்க.

ஊடால ஒரு விஷயம். தோட்டத்துல பம்ப்செட் தொட்டி இருக்கும். அக்கம்பக்கத்துப் பெண்கள் குளிக்க, துணி துவைக்க வருவாங்க. கேமரா பார்வை மோட்டார் ரூம் கதவோட நிக்கணும், தொட்டிப் பக்கம் ஒரு இன்ச்கூடப் போகக் கூடாது. மாட்டி முடிச்சதும் அவங்களையே கூப்பிட்டு போன்ல என்ன தெரியுதுன்னு காட்டிடுங்க. ‘திருடனுக்குத்தான் வெச்சிருக்கோம்’னு வாயால சொன்னா மட்டும் யாரும் நம்ப மாட்டாங்க, நம்பவும் வேண்டாம்.

சூரியன் இடம் மாறும் பாஸ்!

இப்போ மேட்டருக்கு வருவோம். மே மாசம் நடுப்பகல்ல தோட்டத்துல நில்லுங்க. நிழல் காலடியிலயே கிடக்கும். தமிழ்நாடு 8 டிகிரியில இருந்து 13 டிகிரி சொச்சம் வரைக்குமான அட்சரேகையில இருக்கு. அதனால ஏப்ரல், மே வாக்குல சூரியன் நம்ம தலைக்கு நேர் மேல வந்து, ஜூன்ல வடக்குப் பக்கமே போயிடும். அப்போ பேனலை எங்கே வெச்சாலும் வெயில் கொட்டும். ‘அடடா, என்ன இடம்!’னு ஆணி அடிச்சுட்டு காலேஜுக்கு வந்துடுவோம்.

நவம்பர், டிசம்பர்ல சூரியன் தெற்கே சாய்ஞ்சுடும். கோவை பக்கம்னா டிசம்பர் கடைசியில நடுப்பகல்லயே தலைக்கு மேல இருந்து 34 டிகிரி தெற்கே நிக்கும். அப்போ 15 மீட்டர் தென்னையோட நிழல் வடக்கே 10 மீட்டர் நீளும். மே மாசம் வெயில் கொளுத்தின அதே ஆணி, இப்போ ஓலை நிழலுக்குள்ள! அதுவும் வடகிழக்குப் பருவமழை வந்து, இருக்குற வெயிலே அரைகுறையா இருக்குற நேரத்துல.

‘ஓலை நிழல்தானே, கொஞ்சம் குறையும்’னு நினைக்காதீங்க. பேனல்ல இருக்குற செல்கள் ஒண்ணோட ஒண்ணு சீரீஸ்ல கோர்த்தவை. ஒவ்வொண்ணும் அரை வோல்ட் சொச்சம். ஒரே ஒரு செல் மேல இலை விழுந்து மூடினாலும் மொத்த வரிசையோட கரன்ட்டும் அந்த செல்லோட அளவுக்கு இறங்கிடும். பெரிய பேனல்கள்ல பைபாஸ் டையோடு இருக்கும், கொஞ்சம் சமாளிக்கும். கேமராவோட வர்ற கையளவு பேனல்ல பெரும்பாலும் அது கிடையாது. காக்கா எச்சம்கூட வேலையைக் காட்டும்!

அதனால இடம் பார்க்கும்போது தெற்குத் திசையில என்ன மரம், என்ன சுவர்னு பாருங்க. பேனலைத் தெற்குப் பார்த்து, 15 முதல் 20 டிகிரி சாய்ச்சு வைங்க. ஜூன்ல பத்துப் பதினைஞ்சு சதவீதம் குறையும், குறைஞ்சுட்டுப் போகட்டும். அப்போதான் வெயில் தாராளமாச்சே! சாய்வா இருந்தா மழையே தூசியைக் கழுவிடும்ங்கிறது போனஸ்.

கேமராவும் பேனலும் ஒட்டிப் பிறந்த ரெட்டைக் குழந்தை மாதிரி இருக்குற மாடலை நான் சிபாரிசு பண்ண மாட்டேன். கேமராவுக்கு நிழல் வேணும், பேனலுக்கு வெயில் வேணும். ஒரே ஆணியில ரெண்டும் எப்படி நடக்கும்? லித்தியம் பேட்டரியைப் பொதுவா 45 டிகிரிக்கு மேல சார்ஜ் பண்ணக் கூடாது. அக்னி நட்சத்திர வெயில்ல தகரக் கூரை மேல உட்கார்ந்திருக்குற கேமரா உள்ளுக்குள்ள அதைத் தாண்டிடும். நல்ல சர்க்யூட்னா சார்ஜ் ஏத்துறதை நிறுத்திடும். மட்டமான சர்க்யூட்னா ஏத்திக்கிட்டே இருக்கும், ரெண்டே வருஷத்துல பேட்டரி காலி. பேனலும் சளைச்சது இல்லை. டப்பாவுல போட்டிருக்குற வாட், செல் 25 டிகிரியில இருக்கும்போது அளந்தது. அதுக்கு மேல ஒவ்வொரு டிகிரிக்கும் 0.4 சதவீதம் போல குறையும். மே மாசம் 65 டிகிரிக்குக் கொதிக்கிற பேனல்ல 16 சதவீதம் அவுட்!

தனித்தனியா மாட்டினா ஒயர்ல கவனம். பேனல் தர்றது 5 வோல்ட், ஒயர் 10 மீட்டர், கைவசம் இருக்குற 24 கேஜ் மெல்லிசு ஒயர்னு வைங்க. போக வர 20 மீட்டர், சுமார் 1.7 ஓம். ஒரு ஆம்பியர் ஓடினா 1.7 வோல்ட் வழியிலயே காலி! கேமராவுக்குப் போய்ச் சேர்றது 3.3 வோல்ட். சார்ஜே ஏறாது. ‘பேனல் டூப்ளிகேட்’னு கடைக்காரரைத் திட்டிட்டு இருப்போம், குற்றவாளி ஒயர். தடிமனான ஒயர் வாங்குங்க, அல்லது மூணு மீட்டருக்குள்ள முடிங்க.

சரி, ஏற்கெனவே மாட்டியாச்சே, என்ன பண்றதுங்கிறவங்களுக்கு... தீபாவளிக்கு ஊருக்குப் போறப்போ ஒரு ஈரத் துணியும் அரிவாளும் போதும். பேனலைத் துடைங்க, தெற்கே தொங்குற காய்ஞ்ச மட்டையை இறக்குங்க. கிளம்புறதுக்கு முன்னாடி பெரியப்பாகிட்ட ஒரு உதவி கேளுங்க. தினமும் காலையில 6 மணிக்கு, சூரியன் வேலையை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி, ஆப்ல பேட்டரி எத்தனை சதவீதம்னு உங்களுக்கு ஒரு மெசேஜ். 82, 80, 83னு ஏறி இறங்கினா நிம்மதி. 82, 74, 65, 57னு வந்துச்சுன்னா, வரவைவிடச் செலவு அதிகம்னு அர்த்தம். பூஜ்யத்துக்கு இன்னும் ஒரு வாரம் இருக்கு. அதுக்குள்ள பேனலை வெயில் படுற இடத்துக்கு மாத்தச் சொல்லலாம், இல்லேன்னா கேமராவைக் கழட்டி வீட்டு சார்ஜர்ல ஒரு ராத்திரி போடச் சொல்லலாம். அந்த ஒரு ராத்திரி மட்டும் மோட்டார் ரூம் பக்கம் யாராவது டார்ச்சோட ஒரு நடை போயிட்டு வரட்டும்.