ஆஸ்பத்திரி கை மாறினால் நோயாளிக்கு என்ன ஆகும்?

சென்னை தரமணியில் ஓர் ஆஸ்பத்திரி இருக்கிறது. அதற்கு முதலாளி கிடையாது! பங்குதாரர்களும் கிடையாது!

அதுதான் வி.எச்.எஸ். ஆஸ்பத்திரி. டாக்டர் கே.எஸ்.சஞ்சீவி 1958-ம் ஆண்டில் தொடங்கிய சங்கம் இதை நடத்துகிறது.

சஞ்சீவியின் திட்டம் எளிமையானது. நோய் வந்த பிறகு பணத்துக்கு அலையக்கூடாது. உடல் நன்றாக இருக்கும்போதே, குடும்பத்துக்கு இவ்வளவு என்று ஆண்டுச் சந்தா கட்டிவிட வேண்டும். வருமானத்துக்குத் தக்கபடி சந்தா. வசதி உள்ளவருக்குக் கூடுதல், ஏழைக்குக் குறைவு.

கை மாறிய மலர்

தரமணியில் இருந்து சில மைல் தூரத்தில், அடையாறு காந்தி நகரில் இருக்கிறது மலர் ஆஸ்பத்திரி. இதை நடத்தியது ஒரு கம்பெனி. கம்பெனி என்றால் பங்கு உண்டு. பங்கு என்றால் விற்பனையும் உண்டு.

2007-ம் ஆண்டில் இதை வாங்க வடநாட்டு போர்ட்டிஸ் நிறுவனம் முன்வந்தது. பிறகு "போர்ட்டிஸ் மலர்" என்று பெயர் மாறியது.

2018-ல் மலேசியாவின் ஐ.எச்.எச். நிறுவனம் 4 ஆயிரம் கோடி ரூபாய் போட்டு, போர்ட்டிசின் 31 சதவீதப் பங்குகளைப் பெற்றது. அடையாறு ஆஸ்பத்திரியின் கடிவாளம் கடல் கடந்து போயிற்று!

2024 பிப்ரவரியில் மீண்டும் கை மாறியது. சென்னையின் எம்.ஜி.எம். ஹெல்த்கேர் அதை வாங்கியது. நிலம், கட்டிடம் உள்பட விலை சுமார் 128 கோடி ரூபாய்.

எது நல்லது?

பெரிய கம்பெனி வந்தால் புதிய கருவிகள் வரலாம். ஆனால் போட்ட பணம் திரும்பி வந்தாக வேண்டும். அதைக் கொடுப்பவர் நோயாளிதானே?

சங்கம் நடத்தும் ஆஸ்பத்திரியில் லாபத்தைப் பங்கு போட ஆள் இல்லை. ஆனால் புதிய கருவி வாங்க நன்கொடையை எதிர்பார்க்க வேண்டியிருக்கும்.

நீங்கள் செய்ய வேண்டியது

உங்கள் ஆஸ்பத்திரி கை மாறினால் பதற வேண்டாம். மூன்று கேள்விகளைக் கேளுங்கள்.

என் டாக்டர் தொடர்ந்து இங்கே இருப்பாரா?

என் இன்சூரன்ஸ் இனியும் இங்கே செல்லுமா?

கட்டணம் மாறுகிறதா?

சிகிச்சைக் குறிப்புகளின் நகலையும் வாங்கி வையுங்கள். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் டாக்டர் அதைக் கொடுக்க வேண்டும் என்பது 2002-ம் ஆண்டு மருத்துவக் கவுன்சில் விதி. உள்நோயாளிகளின் குறிப்புகளை 3 ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும் என்றும் அந்த விதி சொல்கிறது.

ஆஸ்பத்திரி யார் கைக்குப் போனாலும், உங்கள் நோயின் கணக்கு உங்கள் வீட்டுப் பெட்டியில் இருக்கட்டும்!