பக்கத்து மேஜையில் பீர் பாட்டில்!

நெடுங்காட்டிலிருந்து காரைக்காலுக்குக் குழந்தைகளோடு சாப்பிடப் போகிறீர்கள். பக்கத்து மேஜையில் பீர் பாட்டில்! "அப்பா, அது ஜூஸா?" என்று சின்னவன் கேட்டால் என்ன சொல்வீர்கள்?

புதுச்சேரிப் பகுதியான காரைக்காலில் மது வாங்க 18 வயது போதும். எல்லை தாண்டினால் தமிழ்நாட்டில் 21. மூளை வளர்ச்சியோ 25 வயதுவரை நடக்கிறது. அதற்கு எல்லைக்கோடு தெரியுமா, என்ன?

2023 ஏப்ரலில் தமிழக அரசு கல்யாண மண்டபங்களிலும் விளையாட்டு மைதானங்களிலும் மது பரிமாற விசேஷ லைசென்ஸ் என்றது. எதிர்ப்பு கிளம்பியதும் மண்டபத்தை நீக்கினார்கள். மைதானத்தை விட்டுவிட்டார்கள். கிரிக்கெட் பார்க்கப் பிள்ளைகள் போகிற இடமாச்சே!

உட்காருமுன் சர்வரிடம், "தம்பி, ஃபேமிலி ரூம் தனியா இருக்கா?" என்று கேளுங்கள். இல்லையா? பார்சல் கட்டச் சொல்லுங்கள். சின்னவனிடம் மட்டும் 'ஜூஸ்' என்று பொய் சொல்லாதீர்கள். அடுத்த தடவை ஒரு வாய் கேட்பான்.