முதன்மை நிணநீர் வீக்கம்

முதன்மை நிணநீர் வீக்கம் என்பது நிணநீர் நாளங்கள் பிறவியிலேயே குறைவாகவோ, குறுகலாகவோ, அளவுக்கு மீறி விரிந்தோ அமைந்துவிடுவதால் உண்டாகும் நாட்பட்ட வீக்கமாகும். பெரும்பாலும் கால்களில் தோன்றும். கொசுவோ புழுவோ இதற்குக் காரணமல்ல. ஆனால் வேலூர், ஆம்பூர், வாணியம்பாடிப் பகுதிகளில் வீங்கிய காலைக் கண்டவுடன் யானைக்கால் என்று சொல்லிவிடுவது வழக்கம். பழைய வட ஆர்க்காடு மாவட்டத்தில் யானைக்கால் நோய் நெடுங்காலம் நிலைத்திருந்ததால் அந்த ஐயம் இயல்பானதே.

இரத்தத் தந்துகிகளிலிருந்து கசியும் நீரையும் புரதத்தையும் நிணநீர் நாளங்கள் திரும்ப எடுத்துச் செல்கின்றன. அவ்வழி குறைபட்டால் புரதம் திசுவில் தேங்கி, நாளடைவில் தோல் தடித்து இறுகுகிறது. தொடக்கத்தில் விரலால் அழுத்தினால் குழி விழும், பின்னர் விழாது. இரண்டாம் கால்விரலின் அடித்தோலைக் கிள்ளி எடுக்க இயலாமை முக்கியமான அடையாளம். இது ஸ்டெம்மர் குறி எனப்படும்.

தொடங்கும் வயதைக் கொண்டு இது மூன்று வகைப்படும். பிறப்பிலோ இரண்டு வயதுக்குள்ளோ தோன்றுவது பிறவி வகை. அதன் மரபுவழி வடிவமான மில்ராய் நோயை, ஒரே குடும்பத்தின் பல தலைமுறைகளை ஆராய்ந்து, 1892-இல் அமெரிக்க மருத்துவர் வில்லியம் மில்ராய் விவரித்தார். எப்.எல்.டி.4 என்னும் மரபணு மாற்றமே பெரும்பாலும் அதற்குக் காரணம். பெற்றோரில் ஒருவருக்கு அம்மாற்றம் இருந்தால் ஒவ்வொரு குழந்தைக்கும் அது வர 50 விழுக்காடு வாய்ப்புண்டு. 35 வயதுக்குள் தோன்றும் இளமை வகையே மிகுதி. பூப்பெய்தும் பருவத்துப் பெண்களிடம், பலநேரம் ஒரே காலில், இது தொடங்குகிறது. திருமணப் பேச்சை எண்ணி வீட்டார் மறைப்பதால், சிகிச்சைக்கு ஏற்ற காலம் வீணாகிறது. 35-க்குப் பின் வருவது பிந்திய வகை. இது அரிது; அந்த வயதில் கால் புதிதாக வீங்கினால் முதலில் புற்றுநோய் இல்லை என்று உறுதிசெய்ய வேண்டும்.

யானைக்காலைப் பிரித்தறிய இரவில் எடுக்கும் இரத்தச் சோதனை உதவும். ஆனால் நாட்பட்ட யானைக்காலிலும் இரத்தத்தில் நுண்புழு தென்படாமல் போகலாம். எனவே அது ஒன்றை மட்டும் நம்பாமல், தொடங்கிய வயது, குடும்ப வரலாறு, விரலிடுக்கில் கதிரியக்க மருந்து செலுத்தி எடுக்கும் நிணநீர்ப் படம் ஆகியவற்றைச் சேர்த்தே முடிவு செய்கின்றனர். முதன்மை வகைக்குப் புழு மாத்திரை பயன் தராது.

முழுக் குணம் இல்லையெனினும் கட்டுப்படுத்தலாம். அழுத்தக் கட்டு, நிணநீரை வடியச்செய்யும் மென்மையான நீவல், உடற்பயிற்சி, தோல் பராமரிப்பு ஆகிய நான்கும் சேர்ந்ததே சிகிச்சை. விரலிடுக்கு வெடிப்பு வழியே கிருமி புகுந்தால் காய்ச்சலுடன் கால் சிவந்து வீங்கும். ஒவ்வொரு தாக்குதலும் எஞ்சிய நாளங்களையும் கெடுக்கும். தோல் பதனிடுமிடங்களில் சுண்ணாம்பு, குரோமிய நீரில் நிற்பவர்களுக்குத் தோல் எளிதில் புண்படுவதால் முழுநீள ரப்பர் காலணி தேவை. கடைக் காலணி இரு கால்களுக்கும் ஒரே அளவில் வருவதால், வீங்கிய காலுக்குத் தனி அளவெடுத்துத் தைக்க வேண்டும். வேலூரை அடுத்த கரிகிரியில் தொழுநோயாளிகளின் உணர்விழந்த பாதங்களுக்கு நுண்துளை ரப்பர் செருப்புகள் நெடுங்காலமாகச் செய்யப்பட்டுவருகின்றன.