மாயக் கதை பிறந்த விதம்

கதை என்றால் காது கொடுக்காதவர் நம்மில் யார்? அதிலும் குள்ளர்களும் மந்திரவாதிகளும் நெருப்பு கக்கும் நாகங்களும் வரும் மாயக் கதை என்றால், பாடப் புத்தகத்திற்குள் ஒளித்து வைத்தாவது படித்து முடித்துவிடுகிறோம். ஆனால் அத்தகைய கதை எவ்வாறு எழுதப்படுகிறது என்று எண்ணிப் பார்ப்பதில்லை. கண்ணை மூடினால் கற்பனை தானே ஊற்றெடுக்கும் என்றும், அந்த வரம் நமக்கு இல்லை என்றும் சொல்லி ஒதுங்கிவிடுகிறோம். இது சரிதானா என்பதை, தம் 45ஆம் வயதில் முதல் கதை நூலை வெளியிட்ட ஜே. ஆர். ஆர். டோல்கீன் என்ற ஆங்கில எழுத்தாளரின் வாழ்விலிருந்து காண்போம்.

தாய் இட்ட வித்து

டோல்கீன் 1892 ஜனவரி 3ஆம் நாள் தென்னாப்பிரிக்காவிலுள்ள புளூம்ஃபொன்டெயின் நகரில் பிறந்தார். நான்கு வயதில் தந்தையை இழந்தார். அன்னை மேபெல், இங்கிலாந்தில் பர்மிங்காம் நகருக்கு அருகேயுள்ள சிற்றூரில் குடியிருந்து, இரு மைந்தர்களுக்கும் தாமே ஆசிரியையானார். இலத்தீன், ஓவியம், செடிகொடிகளின் இயல்பு ஆகியவற்றை வீட்டிலேயே கற்பித்தார். 1900இல் அவர் கத்தோலிக்கத் திருமறையைத் தழுவியதால் உறவினர் பண உதவியை நிறுத்தினர். 1904இல் நீரிழிவு நோய் அவரைக் கொண்டுபோயிற்று. இன்சுலின் மருந்து கண்டறியப்படாத காலம் அது. அதன்பின் அருட்தந்தை பிரான்சிஸ் மார்கன் என்பவர் அச்சிறுவர்களின் காப்பாளராக இருந்து வளர்த்தார்.

அன்னை ஊட்டிய மொழிப்பற்று மகனை விட்டு நீங்கவில்லை. பிற மொழிகளைக் கற்றதோடு நில்லாமல், தாமே புதிய மொழிகளை உண்டாக்கத் தொடங்கினார். பின்லாந்து மொழியின் ஓசையைக் கொண்டு ஒன்று, வேல்ஸ் மொழியின் ஓசையைக் கொண்டு மற்றொன்று என இலக்கணத்தோடு அமைத்தார். மொழி இருந்தால் அதைப் பேச மக்கள் வேண்டுமல்லவா? மக்கள் இருந்தால் அவர்களுக்கு நாடும் வரலாறும் வேண்டும். இவ்வாறு சொல்லிலிருந்தே அவருடைய மாய உலகம் முளைத்தது. 1916இல் சோம் போர்க்களத்தில் காய்ச்சல் கண்டு தாயகம் திரும்பியபின், நோயாளியாக இருந்த நாள்களில் அவ்வுலகின் முதற் கதைகளை எழுதலானார்.

விடைத்தாளில் ஒரு வரி

1925இல் அவர் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் பழைய ஆங்கில மொழிப் பேராசிரியரானார். மூன்று ஆண் மக்கள், ஒரு பெண் எனக் குடும்பம் பெருகியது. வருவாய் போதாமையால் கோடை விடுமுறையில் பள்ளித் தேர்வு விடைத்தாள்களைத் திருத்திக் கொடுப்பார். அலுப்பூட்டும் அவ்வேலையின் நடுவே, யாரோ ஒரு மாணவர் எழுதாமல் விட்டிருந்த வெற்றுப் பக்கம் கண்ணில் பட்டது. வளையில் வாழும் 'ஹாபிட்' ஒன்றைப் பற்றி அதில் ஒரு வரி எழுதினார். ஹாபிட் என்றால் என்ன என்று அவருக்கே அப்போது தெரியாது! அதைக் கண்டறியும் முயற்சியே ஒரு நூலாக வளர்ந்தது.

கதையை மாலை வேளைகளில் தம் பிள்ளைகளுக்குச் சொன்னார். இளைய மகன் கிறிஸ்டபர் கூர்ந்து கேட்பவன். சென்ற முறை நீலமாக இருந்த வாசற்கதவு இம்முறை பச்சையானது எப்படி என்று அவன் கேட்டுவிட, தந்தை எழுந்து சென்று குறித்து வைத்துக்கொண்டாராம். மாயக் கதையில் எதுவும் நடக்கலாம் என்பது மேலோட்டமான எண்ணம். அந்த உலகிற்குள் ஒரு சட்டம் இருந்து, அது பிறழாமல் நின்றால்தான் கேட்பவர் நம்புவர்.

கதை முடிவை நெருங்கிய நிலையில் கையெழுத்துப் படி கிடப்பில் போடப்பட்டது. அதை வெளியுலகிற்குக் கொண்டுவந்தவர்கள் இரு பெண்கள். எலேன் கிரிஃபித்ஸ் என்ற அவருடைய மாணவி அதைப் படித்து மகிழ்ந்து, பதிப்பகத்தில் பணியாற்றிய தோழி சூசன் டாக்னலிடம் கூறினார். சூசன் அதை வாங்கிப் படித்து, முடித்துத் தருமாறு ஆசிரியரைத் தூண்டினார். 1936இல் நூல் நிறைவுற்றது. பதிப்பாளர் ஸ்டான்லி அன்வின், சிறுவர் நூலுக்குச் சிறுவரே நல்ல நடுவர் எனக் கருதித் தம் 10 வயது மகன் ரேனரிடம் கொடுத்தார். அவன் நன்று என எழுதிக் கொடுத்து, ஒரு ஷில்லிங் கூலி பெற்றான். 1937 செப்டம்பர் 21ஆம் நாள் 'ஹாபிட்' வெளிவந்தது. படங்களையும் மேலட்டையையும் ஆசிரியரே வரைந்திருந்தார். முதலில் அச்சிட்ட 1,500 படிகளும் ஆண்டு முடிவதற்குள் விற்றுத் தீர்ந்தன.

பன்னிரண்டு ஆண்டு உழைப்பு

இன்னொரு ஹாபிட் கதை வேண்டும் என்றார் பதிப்பாளர். அதே டிசம்பரில் தொடங்கிய அந்நூல் 1949இல்தான் முடிந்தது. எழுதியதை அழித்து மீண்டும் மீண்டும் எழுதினார். முதற்படியில் மரச் செருப்பணிந்த ஹாபிட்டாக வந்த ஒருவன், இறுதியில் அரச குலத்து வீரனானான். பயணிகள் ஒரு நாளில் எத்தனை மைல் நடப்பர், அன்றிரவு நிலவு எந்தப் பிறையில் இருக்கும் என்றெல்லாம் கணக்கிட்டார். போர்க்காலத் தாள் பஞ்சத்தில் பழைய தேர்வுத் தாள்களின் பின்பக்கமும் பயன்பட்டது. தட்டச்சு செய்யக் கூலி கொடுக்க இயலாமல், அந்தப் பெரும் நூலைத் தாமே தட்டச்சு செய்தார். 1954, 1955 ஆண்டுகளில் அது மூன்று பாகங்களாக வெளிவந்தது. நட்டம் வரலாம் என்று அறிந்தும் அதை வெளியிட முன்வந்தவர் யார் தெரியுமா? ஒரு ஷில்லிங் பெற்ற அதே ரேனர், இப்போது வளர்ந்து பதிப்பகத்தில் பணியாற்றியவர்!

நமக்கு ஒரு சொல்

அடி மேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பது நம் பழமொழி. கற்பனைக்கும் அது பொருந்தும். பேராசிரியர் தம் பணியை விட்டுவிடவில்லை. இரவின் மிச்ச நேரத்தில், பழைய தாளில், திருத்தித் திருத்தி எழுதினார். நம் வகுப்புகளிலும் நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் கதை கிறுக்கும் மாணவியர் உண்டு. அவர்கள் அந்த ஒரு வரியோடு நின்றுவிடாமல் அடுத்த வரியையும் எழுதட்டும். எழுதியதை வீட்டிலுள்ள தம்பி தங்கையருக்குப் படித்துக் காட்டட்டும். அவர்கள் கேட்கும் கேள்விக்குக் கோபிக்காமல் குறித்துக்கொள்ளட்டும். தோழி எழுதியது நன்றாயிருந்தால், எலேனைப் போல் அதை நாலு பேரிடம் எடுத்துச் சொல்வோம். பெற்றோரும் அந்தக் கடைசிப் பக்கத்தைக் கிழித்தெறியுமுன் ஒருமுறை படித்துப் பார்ப்பார்களாக!